புதுப்பிப்பு: மணலி வயர்லெஸ் சென்சார் தகராறு

போன மாதம் புலம்பியிருந்தேன் அல்லவா? மணலியில் எங்கள் யூனிட்டில் டேங்க் வெப்பநிலை பார்க்கும் வயர்லெஸ்ஹார்ட் (தொழிற்சாலைக் கருவிகளுக்கான வயர்லெஸ் முறை) சென்சார்கள் மத்தியானம் மட்டும் ரீடிங்கை விட்டுவிடுகின்றன என்று. வெயில், உப்புக்காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னீர்கள். இரண்டும் இல்லை.

முதலில் புது வைஃபையைத்தான் சந்தேகப்பட்டேன்; இரண்டுமே ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. ஆனால் இந்தச் சென்சார்கள் 10 மில்லிசெகண்ட் துண்டுகளாக நேரத்தைப் பிரித்து, 15 சேனல்களில் தாவித் தாவிப் பேசுபவை. வைஃபை மட்டும் என்றால், ஒரு சேனலில் இடைஞ்சல் வந்தாலும் அடுத்ததில் பேசிச் சமாளித்திருக்கும். மத்தியானம் லோடு ஏற்ற வரும் டேங்கர் லாரி சரியாக கேட்வே (எல்லா ரீடிங்கையும் வாங்கும் பெட்டி) முன்னால் நிற்கிறது. இரும்புச் சுவர்! அந்தப் பக்கச் சென்சார்களுக்கு, வேறு கருவி வழியாகச் சுற்றிப் போக மாற்றுப் பாதையே கிடையாது. எது எதன் வழியாகப் பேசுகிறது என்ற வரைபடத்தை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

குழாய்களைத் தாங்கும் பைப் ரேக் மேல், சிக்னலை வாங்கிக் கடத்தும் ஒரு ரிப்பீட்டர் வைத்தோம், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினோம். பத்து நாளாக ஒரு ரீடிங்கும் தவறவில்லை.

அப்புறம், எமர்ஜென்சி ஸ்டாப்பையும் இந்த வயர்லெஸ்ஸிலேயே ஓட்டலாமே என்று கேட்ட தம்பிக்கு: வெப்பநிலை எட்டு நொடிக்கு ஒரு தடவை வந்தால் எங்களுக்குப் போதும். ஸ்டாப் பட்டன் அப்படிக் காத்திருக்காது. அந்தப் பட்டனின் கேபிளில் நான் கை வைக்கப்போவதில்லை.