எதிரி ஜெயிக்க வேண்டிக்கொண்ட ராத்திரி

பீரங்கிக்காரன்:

இதை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. 2024 மே 14 அன்று, இங்கிலாந்து கால்பந்து லீக்கில் டாட்டன்ஹாம் ஜெயிக்க வேண்டும் என்று உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். ஆர்சனல் ரசிகனுக்கு இதைவிடப் பெரிய மானக்கேடு கிடையாது. வடக்கு லண்டன் பகை தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெரியாதவர்கள், தலைமுறை தலைமுறையாகத் தீராத பங்காளிச் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலவரம் இதுதான். நாங்கள் 37 ஆட்டம் முடித்து 86 புள்ளி. மான்செஸ்டர் சிட்டி 36 ஆட்டத்தில் 85. அந்த பாக்கி ஆட்டம் டாட்டன்ஹாம் மைதானத்தில். சிட்டி அங்கே சறுக்கினால், கடைசி நாளில் எங்கள் வேலையை நாங்கள் பார்த்துக்கொண்டால் போதும். 2004-க்குப் பிறகு முதல் லீக் பட்டம்.

டாட்டன்ஹாம் பந்தை எடுத்த ஒவ்வொரு தடவையும் "போ, போ" என்று வாய் தானாக முணுமுணுத்தது. என் குரலே எனக்குக் கூசியது. 51-ஆவது நிமிடத்தில் சிட்டியின் ஹாலண்ட் ஒன்று போட்டார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் சிட்டி கோல்கீப்பர் எடர்சனுக்கு அடிபட்டு, மாற்று கோல்கீப்பர் ஒர்டேகா உள்ளே வந்தார். மாற்று கீப்பர் என்றதும் எங்கேயோ ஒரு நப்பாசை.

86-ஆவது நிமிடம். சிட்டியின் அகாஞ்சியிடம் இருந்து பந்தைப் பறித்துவிட்டார்கள். டாட்டன்ஹாமின் சோன் தனியாக ஓடுகிறார். எதிரே கீப்பரைத் தவிர ஆள் இல்லை. எங்கள் வலையிலேயே எத்தனை கோல் போட்டிருக்கிறார் இந்த மனிதர்! இந்த மாதிரி இடத்தில் தவறவே மாட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். கேமரா ஒரு நொடி சிட்டி பயிற்சியாளர் குவார்டியோலாவைக் காட்டியது, கோட்டுக்கு வெளியே அப்படியே மல்லாந்து விழுந்துகொண்டிருந்தார். அவருக்கே கோல் என்று தோன்றிவிட்டது. ஒர்டேகா காலை நீட்டினார், பந்து அதில் பட்டுத் தெறித்தது. கொஞ்ச நேரத்தில் ஹாலண்ட் பெனால்டி, 2-0.

சோன் மீது எனக்குக் கோபம் இல்லை. ஒர்டேகா மீதும் இல்லை. என் கோபமெல்லாம் ஏப்ரல் 14 மீது. அன்று பகலில் லிவர்பூல் தன் சொந்த மைதானத்தில் கிறிஸ்டல் பேலஸிடம் 0-1 தோற்றது. கதவு அகலத் திறந்து கிடந்தது. இரண்டரை மணி நேரம் கழித்து எங்கள் சொந்த மைதானத்தில் நாங்கள் ஆஸ்டன் வில்லாவிடம் 0-2. 84-இல் ஒன்று, 87-இல் ஒன்று. அந்த ஆண்டு ஜனவரியிலிருந்து மே வரை 18 லீக் ஆட்டத்தில் 16 வெற்றி, 1 டிரா, 1 தோல்வி. அந்த ஒரே தோல்வி இதுதான். ஒன்றே ஒன்று, அதுவும் அந்த நாளிலா?

உங்களுக்கும் இப்படி ஒரு ராத்திரி இருந்திருக்கும். உங்கள் பட்டம் அடுத்தவன் காலில் இருந்த ராத்திரி. எழுதுங்கள்.

வெள்ளைச் சேவல்:

அண்ணே, நான் அந்தப் பக்கத்து ஆள். திட்டாமல் படியுங்கள்.

நாங்கள் லீக் பட்டம் பார்த்தது 1961-இல். அதாவது நான் பார்க்கவே இல்லை. அப்படிப்பட்ட ஒருவனிடம் போய், "நீ ஜெயித்தால் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கோப்பை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எங்களுக்கும் நான்காம் இடத்துக்கு ஒரு நூலிழை வாய்ப்பு மிச்சம் இருந்தது, அது உண்மை. ஆனால் அன்றைக்கு அதை யோசித்தவர்கள் குறைவு. மைதானத்திலேயே எங்கள் ஆட்கள் ஆர்சனலைக் கிண்டல் செய்து பாடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது! எங்கள் அப்போதைய பயிற்சியாளர் போஸ்டகோக்லு அன்று கொதித்துப்போனார். அஸ்திவாரமே ஆட்டம் காண்கிறது என்கிற தொனியில் பேசினார். அவர் சொன்னதில் தப்பில்லை.

சோன் ஓடும்போது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? "வேண்டாம், வேண்டாம்." எங்கள் கேப்டன், வருடக்கணக்காக நான் சட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட பேர், அவர் கோல் போடக் கூடாது என்று வேண்டினேன். ஒர்டேகா காலில் பட்டதும் அப்பாடா என்று மூச்சு விட்டேன். அடுத்த நொடி திரையில் சோன் முகம். அவர் நிஜமாகவே கோல் போட நினைத்துத்தான் ஓடியிருக்கிறார். எனக்குத்தான் வேறு நினைப்பு. அன்றைக்கு அதற்கு மேல் பார்க்கவில்லை, பெனால்டி போனதே காலையில்தான் தெரியும்.

நீங்கள் எங்களுக்காக வேண்டியிருக்கிறீர்கள், நான் எங்களுக்கு எதிராக வேண்டியிருக்கிறேன். மானக்கேட்டில் யார் முதலிடம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கணக்கப்பிள்ளை:

உணர்ச்சியெல்லாம் சரி, ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன்.

ஏப்ரல் 14-ஐத் திட்டுகிறீர்கள். அந்த ஆட்டத்தை 0-0 என்று இழுத்துப் பிடித்திருந்தாலும் உங்களுக்கு 90 புள்ளிதான். சிட்டி 91. ஆக, டிரா போதாது. ஜெயித்தே ஆக வேண்டும்.

இரண்டு அணிக்கும் சரிசமமாக 28 வெற்றி. சிட்டிக்கு 7 டிரா, 3 தோல்வி. உங்களுக்கு 5 டிரா, 5 தோல்வி. புள்ளி சமமானால் பார்க்கிற கோல் வித்தியாசமும் ஒன்றுதான்: நீங்கள் 91 போட்டு 29 வாங்கினீர்கள், அவர்கள் 96 போட்டு 34 வாங்கினார்கள். இரண்டும் +62. 38 ஆட்டம் ஆடி இப்படி வந்து நிற்பதே ஒரு வேடிக்கை.

சோன் அந்தப் பந்தை உள்ளே தள்ளி ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால்? டாட்டன்ஹாம் ஜெயித்திருக்கவே வேண்டாம். சிட்டி 89-இல் நின்றிருக்கும், வித்தியாசம் +60 ஆகியிருக்கும். மற்றதெல்லாம் நடந்தபடியே நடந்தால் பட்டம் உங்களுக்கு. ஆகவே அந்தக் கால் முக்கியமில்லை என்று சொல்லாதீர்கள், அது முக்கியமான கால்தான்.

ஆனால் நான் காட்ட வந்தது வேறு ஆட்டம். 2023 ஆகஸ்ட் 26, உங்கள் மைதானத்தில் ஃபுல்ஹாம். முதல் நிமிடத்திலேயே கோல் வாங்கி, 70-இல் சாகா, 72-இல் என்கெட்டியா என்று திருப்பிவிட்டீர்கள். 83-இல் ஃபுல்ஹாம் ஆள் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். 2-1, எதிரே 10 பேர், இன்னும் ஏழு நிமிடம். 87-இல் பாலீன்யா 2-2 ஆக்கினார். அந்த ஒரு கோல் போகாமல் இருந்திருந்தால் 29 வெற்றி, 91 புள்ளி, வாங்கியது 28, வித்தியாசம் +63. ஒரே ஒரு கோலில் நீங்கள் சாம்பியன்.

ஆன்ஃபீல்டு அடிமை:

கணக்கப்பிள்ளை ஐயா, உங்களை மாதிரி ஆட்களால்தான் லிவர்பூல் ரசிகனான எனக்கு 2019 இன்னும் ஆறவில்லை. நீங்கள் ஒரு கோல் என்கிறீர்கள். எங்களுக்கு மில்லிமீட்டர்.

2019 ஜனவரி 3, சிட்டி மைதானம். எங்கள் மானே அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியது. சிட்டியின் ஸ்டோன்ஸ் அதை வெளியேற்றப் போய்த் தன் கீப்பர் மேலேயே அடித்துவிட்டார், பந்து மறுபடி கோலை நோக்கி உருண்டது. கோட்டின் மேல் ஓடிப்போய் எட்டி உதைத்தார். கோல்கோட்டுத் தொழில்நுட்பம் 11.7 மில்லிமீட்டர் பாக்கி என்றது. என் சுண்டு விரல் அகலம்கூட இல்லை. அந்த ஆட்டம் 2-1 தோல்வி. அந்த லீக் முழுக்க நாங்கள் தோற்ற ஒரே ஆட்டம் அது! 97 புள்ளி எடுத்தோம். சிட்டி 98.

எதிரிக்காக வேண்டிய ராத்திரி எனக்கு மே 6. சிட்டிக்கும் லெஸ்டருக்கும் ஆட்டம். லெஸ்டர் பயிற்சியாளர் யார்? பிரெண்டன் ராட்ஜர்ஸ். 2014-இல் எங்களைப் பட்டத்தின் வாசல் வரை கூட்டிப்போய்ச் சிட்டியிடம் விட்டவர். அந்தக் கடனை இன்றைக்குத் தீர்ப்பார் என்று உறுதியாக நம்பினேன். 70 நிமிடம் வரை 0-0. சிட்டி கேப்டன் கொம்பனி பந்தோடு முன்னே வந்தார். லெஸ்டர் ஆட்கள் யாரும் நெருங்கவில்லை, ஏனென்றால் அவர் அங்கிருந்து அடிக்கிற ஆள் இல்லை. அடிக்காதே என்று கத்தியது காதில் விழுந்ததாக அவரே பின்னால் சொன்னார். அடித்தார். மேல் மூலையில் போய் உட்கார்ந்தது.

அது போதாதென்று கடைசி நேரத்தில் லெஸ்டருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. யாரிடம்? இஹெனாச்சோ, சிட்டியின் பழைய ஆள். வெளியே அடித்தார்.

கடைசி நாளில் மானே 17-ஆவது நிமிடத்தில் கோல் போட்டதும் நேரடிப் பட்டியலில் நாங்கள் முதலிடம். பிரைட்டனும் சிட்டிக்கு எதிராக முதல் கோல் போட்டது. கத்தி முடிப்பதற்குள் அகுவேரோ சமன் செய்துவிட்டார், இடையில் 83 நொடி. 38-இல் லபோர்ட் இரண்டாவதைப் போட்டதும் கீழே இறங்கினோம். ஆக, 21 நிமிடம் சாம்பியன். அடுத்த ஆண்டே பட்டம் வந்ததே, இன்னும் என்ன அழுகை என்று கேட்பார்கள். வந்தது. ஆனால் அந்த 97 தனிப் புண்.

சிவப்புப் பிசாசு:

83 நொடியா? எங்கள் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டம் முடிந்தே விட்டது தம்பி.

2012 மே 13. சண்டர்லாந்தில் 1-0, விசில் ஊதியாகிவிட்டது. ஆட்டக்காரர்கள் மைதானத்திலேயே நிற்கிறார்கள், செய்திக்காக. அந்தப் பக்கம் சிட்டி 90 நிமிடம் வரை 10 பேர் ஆடும் கியூபிஆரிடம் 1-2 பின்தங்கி இருந்தது. பிறகு ஜெக்கோ, 2-2. இன்னும் எங்களுக்குத்தான் பட்டம். அப்புறம் அகுவேரோ. கடிகாரத்தில் 93 நிமிடம் 20 நொடி. எங்கள் ஆட்டக்காரர்களுக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்? சண்டர்லாந்து கூட்டம் குதிக்க ஆரம்பித்துவிட்டது! அவர்களுக்கும் சிட்டிக்கும் என்ன ஒட்டு, என்ன உறவு? நாங்கள் அழுவதைப் பார்ப்பதில் அவ்வளவு ஆனந்தம்.

புள்ளி 89-89. வித்தியாசம் அவர்களுக்கு +64, எங்களுக்கு +56. ஆனால் நேர்மையாகச் சொன்னால், ஆறு ஆட்டம் இருக்கும்போது எட்டுப் புள்ளி முன்னால் இருந்தோம். விகனிடம் தோற்றோம். எவர்ட்டனுடன் 4-2 என்று முன்னால் இருந்து 4-4. கியூபிஆர் மீது பழி போட எனக்கு உரிமை கிடையாது.

வானநீலம்:

எல்லோர் கதையிலும் வில்லன் நாங்களாகவே இருக்கிறோம், அதனால் ஒரு வாக்குமூலம். அந்த 2012 ஆட்டத்தில், 90 நிமிடம் ஆனதும் நான் டிவியை அணைத்துவிட்டேன். 2-1 தோல்வியைக் கடைசி வரை பார்க்கத் தெம்பு இல்லை. போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது, துக்கம் விசாரிக்கிறார்கள் என்று எடுக்கவில்லை. அகுவேரோ சட்டையைக் கழற்றிச் சுழற்றியதை நான் நேரலையில் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எந்த ஆட்டத்தையும் பாதியில் அணைத்ததில்லை, 5-0 தோற்றாலும்.

பீரங்கிக்காரன்:

வெள்ளைச் சேவல் தம்பி, மானக்கேட்டில் நீங்கள்தான் முதலிடம், சந்தேகமே வேண்டாம். ஆனால் சோன் முகத்தைப் பற்றி எழுதினீர்களே, அதற்குப் பிறகு உங்களைத் திட்ட மனம் வரவில்லை.

வானநீலம், உங்கள் போன் கதையைப் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். கொஞ்சம் எரிச்சலும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசி நாளைப் பற்றி நான் எழுதவே இல்லை. எழுத அதிகம் இல்லை. எதிரே எவர்ட்டன். சிட்டி ஆட்டத்தில் ஃபோடன் இரண்டாவது நிமிடத்திலேயே போட்டுவிட்டார், 18-இல் இன்னொன்று. 42-இல் எதிரணி வெஸ்ட் ஹாமின் குடுஸ் தலைகீழாகப் பாய்ந்து உதைத்து ஒன்று போட்டார், அடுத்த நிமிடமே எங்களுக்கு டோமியாசு ஒன்று. பாதி நேரம் முழுக்க உட்காரவில்லை, நடந்துகொண்டே இருந்தேன். 59-இல் சிட்டியின் ரோட்ரி போட்டதும் போய் உட்கார்ந்தேன். 89-இல் ஹாவர்ட்ஸ் எங்களுக்கு வெற்றி கோல் போட்டபோது கை தட்டினேன், ஆட்டக்காரர்கள் உழைத்ததற்கு அது மரியாதை.

கணக்கப்பிள்ளை ஐயா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அந்த ஃபுல்ஹாம் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். கார்னரில் இருந்து வந்த கோல். அந்த ஆண்டு கார்னர் என்றாலே எதிரணிகள் எங்களைப் பார்த்துத்தான் நடுங்கின, ஜோவர் என்று ஒரு பயிற்சியாளர் அதற்காகவே இருந்தார். நாங்கள் பட்டத்தை விட்டது ஒரு கார்னரில்! பிறகு அன்றைக்கு நண்பர்கள் குழுவில் நான் என்ன எழுதினேன் என்று தேடினேன். இருக்கிறது, அழியவில்லை. "ரெண்டு புள்ளி போனால் போகட்டும், ஆகஸ்ட் மாசம்தானே, இன்னும் 35 ஆட்டம் இருக்கு." கீழே மூன்று பேர் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறார்கள்.