டெபிட் கார்டைச் செருகினால் இயந்திரம் ஏன் 'டெபிட்டா, கிரெடிட்டா' என்று கேட்கிறது?

கேள்வி: எடிசன் புதுவரவு

அனைவருக்கும் வணக்கம். முதுகலைப் படிப்புக்காக நியூ ஜெர்சிக்கு வந்திருக்கும் மாணவன் நான். இங்குள்ள வங்கியொன்றில் செக்கிங் கணக்கு (அன்றாடச் செலவுக்கான கணக்கு) தொடங்கியபோது விசா சின்னம் பொறித்த டெபிட் கார்டு கொடுத்தார்கள். கிரெடிட் கார்டு எதுவும் என்னிடம் இல்லை. ஊரில் கடைக்குப் போனால் கார்டைச் செருகிப் பின் எண்ணை அழுத்துவதோடு வேலை முடிந்துவிடும். இங்கோ சில கடைகளில் டெபிட், கிரெடிட் என இரண்டு பொத்தான்கள் திரையில் வருகின்றன. சில கடைகளில் 'யூஎஸ் டெபிட்', 'விசா டெபிட்' என்று இரண்டு வரிகள் வருகின்றன. இன்னும் சில இடங்களில் எதையும் கேட்காமலேயே ரசீது வந்துவிடுகிறது.

என்னுடன் தங்கியிருக்கும் நண்பர்கள், எப்போதும் கிரெடிட்டையே அழுத்த வேண்டும் என்றும், அதுதான் பாதுகாப்பு என்றும், அப்படிச் செய்தால் கிரெடிட் ஸ்கோரும் ஏறும் என்றும் சொல்கிறார்கள். ஓக் ட்ரீ சாலையில் நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் மளிகைக் கடைக்காரரோ, "டெபிட் போடுங்க தம்பி" என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறார். கிரெடிட்டை அழுத்தினால் வங்கி எனக்குக் கடன் தருகிறதா? இருவரில் யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: கல்லாக் கணக்கர்

தம்பி, சில்லறைக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால், கடைக்காரரின் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். உங்களிடம் இருப்பது டெபிட் கார்டு. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பணம் உங்கள் செக்கிங் கணக்கிலிருந்துதான் போகும். யாரும் உங்களுக்குக் கடன் தரவில்லை. கடன் இல்லாத இடத்தில் கிரெடிட் ஸ்கோர் ஏறவும் வழியில்லை. அந்த ஸ்கோருக்கு அடிப்படையான கடன் வரலாற்றைச் சேகரிக்கும் ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் டெபிட் கார்டுச் செலவு பற்றிய தகவல் போவதே இல்லை.

பொத்தான் தீர்மானிப்பது, அந்தப் பரிமாற்றம் எந்த வலைப்பின்னல் வழியாக வங்கிக்குப் போகிறது என்பதை மட்டும்தான். ஒரே ஊருக்கு இரண்டு பேருந்துத் தடங்கள் இருப்பதைப் போன்றது இது. உங்கள் கார்டின் முகப்பில் விசா சின்னம் இருக்கிறதல்லவா, பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பல கார்டுகளில் ஸ்டார், நைஸ், பல்ஸ், அக்செல் போன்ற வேறொரு பெயரும் சிறிதாக அச்சாகியிருக்கும். டெபிட்டை அழுத்திப் பின் எண் கொடுத்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது வலைப்பின்னலிலோ, விசாவின் சொந்தப் பின் வலைப்பின்னலான இன்டர்லிங்கிலோ பரிமாற்றம் போகும். அனுமதியும் கணக்குப் பதிவும் ஒரே செய்தியில் முடிந்துவிடும். கிரெடிட்டை அழுத்தினால் விசாவின் வழக்கமான தடத்தில் போகும். முதலில் அனுமதி மட்டும் கிடைக்கும், கடைக்காரர் அன்றைய கணக்கை முடித்து அனுப்பிய பிறகே பணம் உண்மையில் கழியும். உங்கள் வங்கிச் செயலியில் ஓரிரு நாள் 'நிலுவை' என்று காட்டுவது இதனால்தான். முன்பெல்லாம் இந்தத் தடத்துக்குக் கையொப்பம் கட்டாயம். 2018 ஏப்ரலில் பெரிய கார்டு நிறுவனங்கள் அந்தக் கட்டாயத்தைக் கைவிட்டுவிட்டன. சிப் வந்த பிறகு திரையில் தோன்றும் 'யூஎஸ் டெபிட்' என்பது, எந்த வலைப்பின்னலில் அனுப்புவது என்பதைக் கடைக்காரரின் தேர்வுக்கு விடுவது. 'விசா டெபிட்' என்பது விசாவின் தடத்தோடு கட்டிப்போடுவது. எதையும் கேட்காத கடைகளில் இயந்திரமே முதலாவதைத் தேர்ந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். சிறு தொகைக்குப் பின் எண் கேட்காமலேயே மாற்றுத் தடத்தில் அனுப்பும் வசதியும் இப்போது இருப்பதால், பின் எண் கேட்டதா இல்லையா என்பதை வைத்து மட்டும் எந்தத் தடம் என்று சொல்லிவிட முடியாது.

இனி உங்கள் மளிகைக் கடைக்காரர் ஏன் கெஞ்சுகிறார் என்பது. ஒவ்வொரு விற்பனையிலும் கார்டு வழங்கிய வங்கிக்குக் கடைக்காரர் தரப்பிலிருந்து ஒரு கட்டணம் போகிறது. 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் என்ற நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தில் டர்பின் திருத்தம் என்றொரு பகுதி உண்டு. அதன்படி, ஆயிரம் கோடி டாலருக்கு மேல் சொத்துள்ள வங்கிகளின் டெபிட் கார்டுகளுக்கு அந்தக் கட்டணம் 21 சென்ட், அதோடு தொகையில் 0.05 சதவீதம், மோசடித் தடுப்புக்காக இன்னும் ஒரு சென்ட் என்ற உச்சவரம்பு 2011 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் 40 டாலருக்கு அரிசியும் பருப்பும் வாங்கினால் அது 24 சென்ட். அதே தொகைக்கு உண்மையான கிரெடிட் கார்டு நீட்டினால், கட்டணம் இரண்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 80 சென்ட். மளிகையில் நிற்கும் லாபமே சில சதவீதம்தான் என்னும்போது, இந்த வித்தியாசம் அவருக்குச் சிறியதல்ல.

ஆனால் ஒரு நுணுக்கம். பெரிய வங்கியின் டெபிட் கார்டு என்றால் நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதே உச்சவரம்புதான். வலைப்பின்னல் வசூலிக்கும் சில்லறைக் கட்டணங்களில் மட்டும் ஏற்றத்தாழ்வு இருக்கும். சிறிய வங்கி அல்லது கிரெடிட் யூனியன் (உறுப்பினர்களுக்குச் சொந்தமான கூட்டுறவு நிதி நிறுவனம்) வழங்கிய கார்டு இந்த வரம்புக்குள் வராது. அங்கே பின் எண் தடத்துக்கும் மற்றத் தடத்துக்கும் கட்டணம் கணிசமாக மாறும். எல்லாரிடமும் டெபிட் போடச் சொல்வது கடைக்காரருக்கு எளிது, கார்டைப் பார்த்து வங்கியின் அளவைக் கணிக்கவா முடியும்?

பதில்: ஒப்பந்தவரி

கணக்கர் ஐயா சொன்னதில் மாற்றம் இல்லை. பாதுகாப்பு என்ற பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் 'கிரெடிட்டை அழுத்தினால் பாதுகாப்பு' என்பது பாதி உண்மை. பாதி உண்மைதான் நம் மக்களிடையே வேகமாகப் பரவுகிறது.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தைப் பொறுத்தவரை டெபிட் கார்டு எப்போதும் டெபிட் கார்டுதான். பொத்தான் அதை மாற்றாது. 1978ஆம் ஆண்டின் மின்னணுப் பணமாற்றச் சட்டம் இதற்குப் பொருந்தும். கார்டு தொலைந்தது தெரிந்த இரண்டு வேலை நாட்களுக்குள் வங்கியிடம் சொன்னால் உங்கள் இழப்பு அதிகபட்சம் 50 டாலர். தாமதித்தால் 500 டாலர் வரை போகலாம். கணக்கறிக்கை அனுப்பப்பட்டு 60 நாட்களாகியும் அதிலுள்ள திருட்டுச் செலவைத் தெரிவிக்காவிட்டால், அதற்குப் பிறகு நடப்பவற்றுக்கு வரம்பே இல்லை. கார்டு உங்கள் கையிலேயே இருந்து, எண் மட்டும் திருடப்பட்டிருந்தால், அந்த 60 நாட்களுக்குள் சொன்னால் போதும், இழப்பு உங்கள் மேல் விழாது. உண்மையான கிரெடிட் கார்டுக்கு வேறு சட்டம். அங்கே உச்சவரம்பு 50 டாலரோடு நின்றுவிடுகிறது.

அந்த எண்களைவிட முக்கியமானது, தகராறு நடக்கும் காலத்தில் யாருடைய பணம் முடங்கிக் கிடக்கிறது என்பது. கிரெடிட் கார்டில் திருட்டு நடந்தால் விசாரணை முடியும் வரை அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. டெபிட் கார்டில் உங்கள் வாடகைப் பணம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். வங்கி பத்து வேலை நாட்களுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தற்காலிகமாகப் பணத்தைத் திருப்பி வைத்துவிட்டு விசாரணையைத் தொடரலாம். கடைகளில் நடந்த டெபிட் செலவு என்றால் 90 நாட்கள் வரை அது நீளலாம். மாதத்தின் முதல் தேதியில் அந்தப் பத்து நாட்களே ஒரு மாணவருக்குப் போதுமான தலைவலி.

பதில்: மேற்குக்கரை

ஒப்பந்தவரி அவர்களே, சட்டத்தோடு நிறுத்திவிட்டால் புதுவரவின் நண்பர்களுக்கு அநியாயம் செய்தவர்களாவோம். சட்டத்துக்கு மேலே விசா தன் சொந்த விதியாக 'வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை' என்று உறுதி தருகிறது. ஆனால் தன் வலைப்பின்னல் வழியாகப் போகாத பரிமாற்றங்களுக்கு அது பொருந்தாது என்று கீழே சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது. மாஸ்டர்கார்டு 2014இல் தன் உறுதியைப் பின் எண் பரிமாற்றங்களுக்கும் நீட்டியது என்றாலும், அதுவும் அதன் தடத்தில் போனவற்றுக்குத்தான். எனவே கிரெடிட்டை அழுத்துவதில் கையில் பிடிக்கக்கூடிய ஒரு நன்மை இருக்கத்தான் செய்கிறது. பொருள் வந்து சேரவில்லை, விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்பது போன்ற தகராறுகளிலும் விசாவின் விதிகள் வங்கிக்குத் தெளிவான வழியைக் காட்டுகின்றன.

இந்த அறிவுரைக்குப் பழைய வேர் ஒன்றும் உண்டு. டர்பின் திருத்தத்துக்கு முன்பு, கையொப்பத் தடத்தில் வங்கிகளுக்கு வருமானம் அதிகம் என்பதால், கிரெடிட்டை அழுத்தினால் பரிசுப் புள்ளிகள் தருவதும், சில வங்கிகள் பின் எண் போட்டால் கட்டணமே பிடிப்பதும் நடந்தன. பெரிய வங்கிகளில் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் போய்விட்டன, பழக்கம் மட்டும் நிற்கிறது.

பதில்: ஒப்பந்தவரி

சிறிய எழுத்தை எடுத்துக்காட்டியது சரி, ஏற்கிறேன். ஆனாலும் அங்கே இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. பின் எண் போட்டுச் செய்த பரிமாற்றத்தில் திருட்டு நடக்க வேண்டுமானால் திருடனுக்குக் கார்டோடு பின் எண்ணும் வேண்டும். நீங்கள் மளிகைக் கடையில் டெபிட்டை அழுத்தியது, நாளை யாரோ இணையத்தில் உங்கள் எண்ணை வைத்துப் பொருள் வாங்கும்போது விசாவின் உறுதியை நீக்கிவிடாது. ஒவ்வொரு பரிமாற்றமும் அதனதன் தடத்தை வைத்தே பார்க்கப்படும். நம்பிக்கையான கடையில் டெபிட்டை அழுத்துவதால் இழப்பது மிகக் குறைவு என்பதே என் கருத்து. இயந்திரத்தின் பின் எண் பலகை தளர்ந்திருந்தாலோ, கார்டு செருகும் வாய் வழக்கத்தைவிடத் தடித்துத் தெரிந்தாலோ பின் எண்ணைக் கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

எடிசன் புதுவரவு

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் மூன்று ஐயங்கள். முதலாவது, கேஸ் ஸ்டேஷனில் இங்கே நாமாக நிரப்பக் கூடாதாம்; ஊழியரிடம் கார்டைக் கொடுத்தேன், அவர் பின் எண் கேட்டார், நான் தயங்கினேன். பிறகு கிரெடிட் என்று போட்டு ஜிப் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்) மட்டும் கேட்டார். நிரப்பியது 30 டாலருக்கு, கணக்கில் 175 டாலர் நிறுத்திவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. இரண்டாவது, உணவகத்தில் டிப்ஸ் எழுதிக் கையெழுத்திட்டேன், ஆனால் செயலியில் டிப்ஸ் இல்லாத தொகை காட்டுகிறது. மூன்றாவது, ஒரு கடையில் 'கார்டுக்கு 3 சதவீதம் கூடுதல்' என்று எழுதி ஒட்டி, என் டெபிட் கார்டுக்கும் அதைச் சேர்த்தார்கள்.

பதில்: கல்லாக் கணக்கர்

தயங்கியது நல்லதே. நியூ ஜெர்சியில் 1949 முதல் வாடிக்கையாளர் தாமே பெட்ரோல் நிரப்பச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆகவே கார்டு இன்னொருவர் கைக்குப் போகிறது. கார் இருக்கையில் உட்கார்ந்தபடி சன்னல் வழியாகப் பின் எண்ணைச் சொல்வதைப் பலர் செய்கிறார்கள், ஒருபோதும் செய்யாதீர்கள். அங்கே கிரெடிட் என்று சொல்வதுதான் சரி. எத்தனை டாலருக்கு நிரப்புவீர்கள் என்பது முன்கூட்டியே தெரியாததால் நிலையம் ஒரு தொகைக்கு அனுமதி வாங்கி வைக்கிறது. விசாவும் மாஸ்டர்கார்டும் அனுமதிக்கும் உச்சம் 175 டாலர். இறுதித் தொகை வந்ததும் மீதி விடுபடும், சில வங்கிகளில் சில மணி நேரம், சிலவற்றில் சில நாட்கள். கணக்கில் 200 டாலர் மட்டும் இருக்கும் வாரத்தில் இது உங்களைச் சிக்கலில் மாட்டிவிடும் என்பதால், அப்போது ரொக்கமாகக் கொடுங்கள். பல நிலையங்களில் ரொக்கத்துக்கு விலையும் குறைவு. கையில் ரொக்கம் இல்லையென்றால், மளிகை வாங்கும்போது டெபிட்டை அழுத்திப் பின் எண் கொடுத்து, 'கேஷ் பேக்' என்று 20 டாலரோ 40 டாலரோ சேர்த்து எடுத்துக்கொள்ளலாம்; வேறு வங்கியின் ஏடிஎம்மில் எடுத்தால் வரும் கட்டணம் மிச்சம். டெபிட் கார்டில் கிரெடிட் பொத்தானை அழுத்தினால் இந்த வசதி வராது.

உணவகத்தில் நடந்தது இயல்பானது. கார்டை எடுத்துச் சென்று உணவின் தொகைக்கு மட்டும் அனுமதி வாங்குகிறார்கள். நீங்கள் எழுதிய டிப்ஸை இரவில் கணக்கு முடிக்கும்போது சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரே செய்தியில் முடிந்துவிடும் பின் எண் தடத்தில் பின்னால் இப்படிச் சேர்க்க முடியாது, அதனால்தான் மேசையில் ரசீது வைத்துக் கையெழுத்து வாங்கும் உணவகங்கள் உங்களைக் கேட்காமலே கிரெடிட் தடத்தில் போடுகின்றன. ரசீதின் உங்கள் பிரதியை, இறுதித் தொகை கணக்கில் ஏறும் வரை வைத்திருங்கள்.

மூன்றாவதில் கடைக்காரர் செய்தது விதிமீறல். கூடுதல் கட்டணம் கிரெடிட் கார்டுக்கு மட்டுமே விதிக்கலாம். டெபிட் கார்டை எந்தப் பொத்தானில் போட்டாலும் அதற்கு விதிக்கக் கூடாது என்பது விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும். பத்து டாலருக்குக் குறைந்தால் கார்டு இல்லை என்ற அறிவிப்பும் அப்படித்தான்: டாட்-ஃபிராங்க் சட்டம் அந்தக் குறைந்தபட்சத்தைக் கிரெடிட் கார்டுக்குத்தான் அனுமதித்தது. பல கடைக்காரர்களுக்கே இது தெரியாது. இயந்திரம் வைத்துக் கொடுத்தவர் எல்லாக் கார்டுக்கும் சேர்த்து அமைத்துவிட்டுப் போயிருப்பார். 'இது டெபிட் கார்டு' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

பதில்: மேற்குக்கரை

ஸ்கோர் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். அதற்கு வழி பொத்தானில் இல்லை; உங்கள் வங்கியிலேயே வைப்புத்தொகை கட்டி வாங்கும் செக்யூர்ட் கிரெடிட் கார்டு கேட்டுப் பாருங்கள், புதிதாக வந்த மாணவர்களுக்குப் பொதுவாக அதுதான் முதலில் கிடைக்கும். தொலைபேசிக் கட்டணம் போன்ற ஏதாவதொரு சிறு செலவை மட்டும் அதில் போட்டு, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டி வாருங்கள். கார்டு கைக்கு வந்த பிறகு பெட்ரோலையும் இணையத்தில் வாங்குவதையும் அதற்கு மாற்றிவிடுங்கள், 175 டாலர் நிறுத்திவைப்பு அதன் பிறகு உங்கள் வாடகைப் பணத்தைத் தொடாது. மளிகைக் கடையில் டெபிட்டே போடுங்கள், அவரும் பிழைக்கட்டும்.