வினையூக்கியை ஏற்றிய சிலிக்கா கடைசியில் எங்கே போகிறது?

கேள்வி:
பாலிஎத்திலீன் ஆய்வில் சேர்ந்து சில மாதம்தான் ஆகிறது. மெட்டலோசீன் என்ற உலோக வினையூக்கியையும், அதைத் தூண்டும் அலுமினியம் சேர்மமான எம்.ஏ.ஓ.வையும் (மெத்தில் அலுமினாக்சேன்) டொலுவினில் கரைத்து அப்படியே ஓட்டினேன். வேகம் நன்றாக இருந்தது, ஆனால் திறந்து பார்த்தால் பாலிமர் முழுக்க ரியாக்டர் சுவரிலும் கலக்கியிலும் தோல் போல ஒட்டிக்கிடந்தது, சுரண்டி எடுக்கவே அரை நாள் போய்விட்டது. அப்புறம் 120 டிகிரியில் உலர்த்திய சிலிக்காவில் ஏற்றிப் போட்டேன். உதிரியான பொடி வந்தது, ஆனால் வேகம் பாதிக்கும் கீழே. ஏன்? பாலிமரிலிருந்து சிலிக்காவை எப்படிப் பிரிப்பது? கண்ணுக்கே தெரியவில்லை.

பதில் 1:
பிரிக்க வேண்டாம், அது பாலிமருக்குள்ளேயே இருக்கட்டும். நீங்கள் போட்ட சிலிக்கா மணி சுமார் 50 மைக்ரான் இருக்கும், உள்ளே முழுக்கத் துளைகள், ஒரு கிராமுக்கு 300 சதுர மீட்டர் அளவுக்குப் பரப்பு. எத்திலீன் அந்தத் துளைகளுக்குள் போய் அங்கேயே பாலிமராக வளர்கிறது. இடம் போதாமல் மணியை உள்ளிருந்து உடைக்கிறது. உடைந்த துண்டுகளைப் பாலிமரே பிடித்துக்கொள்வதால் மணி சிதறாமல் அதே வடிவத்தில் பத்துப் பதினைந்து மடங்கு விட்டத்துக்குப் பெருக்கிறது. உருண்டையான சிலிக்கா போட்டால் உருண்டையான பொடி வரும். ஒரு கிராம் வினையூக்கிக்கு 5 கிலோ பாலிமர் வந்தால் மிச்சம் வெறும் 0.02 சதவீதம்தான், அதை யார் தேடுவது!

எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். தாங்கி, அதாவது வினையூக்கியைச் சுமக்கும் சிலிக்கா, உடைய வேண்டும், ஆனால் நிதானமாக உடைய வேண்டும். உடையாவிட்டால் துளைகள் அடைத்து வினை நின்றுவிடும், சட்டென்று உடைந்தால் தூசிதான் மிஞ்சும். அதனால்தான் பலர் முதலில் குறைந்த வெப்பத்தில், குறைந்த எத்திலீனில் கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டிவிட்டு அப்புறம் வேகத்தைக் கூட்டுகிறார்கள்.

பதில் 2:
120 டிகிரியில் ஒட்டியிருக்கும் ஈரம்தான் போகும். பரப்பில் சதுர நானோமீட்டருக்கு ஐந்துக்குச் சற்றுக் குறைவாக ஹைட்ராக்சில்கள் (OH தொகுதிகள்) அப்படியே நிற்கும். அவை அலுமினியம் சேர்மத்தைத் தின்னும், மெட்டலோசீன் நேராகப் பட்டால் அதையும் கெடுக்கும். 600 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் ஒன்றரை அளவுக்கு இறங்கும், ஆறும்போதும் உலர் நைட்ரஜனிலேயே வையுங்கள். எம்.ஏ.ஓ.வை முதலில் ஏற்றி, மெட்டலோசீனை அதன் பிறகு சேருங்கள். கடைசியில் டொலுவினில் கழுவுங்கள். கழுவிய நீர்மத்தில் நிறம் இறங்கினால் மெட்டலோசீன் பிடிக்கவில்லை என்று பொருள், அதுதான் திரும்பவும் சுவரில் ஒட்டும். ஆனால் எவ்வளவு செய்தாலும் கரைசலின் வேகம் முழுசாகக் கிடைக்காது.

பதில் 3:
எல்லாவற்றுக்கும் சிலிக்காதான் என்று நினைத்துவிட வேண்டாம். பாலிபுரோப்பிலீனில் பெரும்பாலும் மெக்னீசியம் குளோரைடு. மெக்னீசியம், டைட்டானியம் அயனிகள் அளவில் நெருக்கமானவை, அதனால் டைட்டானியம் குளோரைடு அந்தப் படிகத்தின் ஓரங்களில் கச்சிதமாக உட்காரும். பழைய டைட்டானியம் வினையூக்கிகளில் எச்சத்தைக் கழுவி எடுக்க ஒரு தனிப் பகுதியே வேண்டியிருந்தது, இந்தத் தாங்கி வந்த பிறகு அது தேவைப்படவில்லை. பிலிப்ஸ் பெட்ரோலியம் நிறுவனத்தின் ஹோகனும் பேங்க்ஸும் 1951-இல் கண்ட குரோமியம் வினையூக்கியில் தாங்கி இன்னும் முக்கியம். குரோமியம் டிரையாக்சைடு தனியாக 250 டிகிரி அளவிலேயே சிதையும், சிலிக்காவோடு பிணைந்தால் 800 டிகிரியிலும் ஆறு இணைதிறனோடு நிற்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய பொடியை நுண்ணோக்கியில் பார்த்தேன், சிலிக்காவைப் போலவே உருண்டை உருண்டையாக இருக்கிறது! ஆனால் அன்று கழுவிய டொலுவின் லேசான மஞ்சளாக இருந்தது, அதை நான் கண்டுகொள்ளவே இல்லை. 600 டிகிரியில் உலர்த்தி மறுபடி ஏற்றப் போகிறேன்.