துருவ் ஹெலிகாப்டரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

சூலூரிலிருந்து

எங்கள் வீடு காங்கேயம்பாளையம் பக்கம். விமானப்படைத் தளத்தின் சத்தத்திலேயே வளர்ந்தவன். தேஜஸ் போர் விமானம் போனால் ஜன்னல் அதிரும், நிமிர்ந்து பார்ப்பதற்குள் ஆள் மறைந்துவிடும். விமானப்படையின் ஹெலிகாப்டர் சாகசக் குழுவான சாரங் அப்படியில்லை. காலையில் பயிற்சிக்குக் கிளம்பினால் ரொம்ப நேரம் தலைக்கு மேலேயே சுற்றுவார்கள். சாரங் என்றால் மயில். சிவப்பு உடம்பில் மயில் தோகை வரைந்த, நம் நாட்டிலேயே செய்த துருவ் ஹெலிகாப்டர்கள். குழு 2003-இல் பெங்களூரில் தொடங்கியது. 2004-இல் சிங்கப்பூரில் முதன்முதலாக மக்கள் முன்னால் பறந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது அதற்கெல்லாம் பிறகுதான்.

ஒரு நாள் மாடியில் அம்மா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஹெலிகாப்டர்கள் எதிரும் புதிருமாக வந்தன. மோதிவிடும் என்று அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கடைசி நொடியில் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து ஒன்றையொன்று கடந்து போயின. ஹெலிகாப்டர் இப்படித் திரும்புமா என்று அன்றிலிருந்து தேடிப் படிக்க ஆரம்பித்தேன். பல ஹெலிகாப்டர்களில் மேலே சுற்றும் இறக்கைகளைக் கீல் வைத்துத்தான் மையத்தில் மாட்டியிருப்பார்கள். துருவில் கீலே கிடையாது. இறக்கையின் அடிப்பகுதியே வளைந்து கொடுக்கும்படி நார்க்கலவையில் செய்திருக்கிறார்கள். அதனால் பைலட் கைப்பிடியை அசைத்ததும் மொத்த உடம்பும் கூடவே திரும்பிவிடுகிறது.

அப்புறம்தான் தெரிந்தது, நான் தினமும் பார்ப்பது துருவின் ஒரு முகம் மட்டும்தான் என்று. முதன்முதலில் 1992 ஆகஸ்டில் பறந்து, 2002-இல் படைகளில் சேர்ந்தது. மார்க்-1 என்ற முதல் வகையில் முள் காட்டும் பழைய மீட்டர்கள், மார்க்-2இல் அவற்றுக்குப் பதில் திரைகள், மார்க்-3இல் திரைகளோடு சக்தி என்ற புது என்ஜின். மார்க்-4 ஆயுதம் தாங்கியது, அதற்குத்தான் ருத்ரா என்று பெயர். தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். நான் முதலில் காலைத்தான் பார்ப்பேன். சறுக்குக்கட்டை மாதிரி இரண்டு குழாய் இருந்தால் பெரும்பாலும் தரைப்படை அல்லது விமானப்படை. சக்கரம் இருந்தால் கடற்படை, கடலோரக் காவல்படை.

நீங்கள் எங்கே, எந்த வேலையில் இதைப் பார்த்தீர்கள்? சொல்லுங்கள்.

வேலூர் மாவட்டம், முன்னாள் ராணுவம்

தம்பி, நீங்கள் வேடிக்கை பார்த்ததை நாங்கள் சாமி மாதிரி எதிர்பார்த்துக் காத்துக்கிடந்திருக்கிறோம். லடாக்கில் இரண்டு முறை பணியில் இருந்தேன். ஒரு ராத்திரி எங்கள் பையன் ஒருவனுக்கு மூச்சுவிட முடியவில்லை. இருமினால் நுரை வந்தது. நாங்கள் ஹேப்போ என்போம், உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஆக்சிஜன் கொடுக்கலாம், ஊசி போடலாம், ஆனால் ஆளைக் கீழே இறக்கினால்தான் உயிர் நிற்கும். ராத்திரி முழுக்கப் பனிமூட்டம். விடிந்தும் விலகவில்லை. எட்டு மணிக்கு மேல் மலை இடுக்கில் சத்தம் கேட்டபோது ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்கியது குளிரால் மட்டுமல்ல.

துருவின் பின்பக்கக் கதவுகள் இரண்டும் சிப்பி மாதிரி விரியும். ஸ்ட்ரெச்சரைச் சாய்க்காமல், திருப்பாமல், நேராக உள்ளே தள்ளிவிடலாம். நான்கு ஸ்ட்ரெச்சர் வரை பிடிக்கும். அதற்கு முன்பு சீட்டா என்ற பழைய சின்ன ஹெலிகாப்டரில் அனுப்பியும் பார்த்திருக்கிறேன். உள்ளே இடமே இருக்காது, உட்காரவைத்துத்தான் அனுப்புவோம். சீட்டாவைக் குறை சொல்ல மாட்டேன். சியாச்சினில் மிக உயரத்தில் இருக்கும் சாவடிகளுக்கு ஒன்றிரண்டு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெயைச் சுமந்துகொண்டு பல வருஷம் ஏறி இறங்கியது அதுதான். ஆனால் அதற்கு ஒரே என்ஜின். துருவுக்கு இரண்டு.

மேலே காற்று மெலிந்துவிடும். இறக்கைக்கும் பிடிமானம் குறையும், என்ஜினுக்கும் மூச்சு வாங்கும். அதை நினைத்துத்தான் பிரான்சின் டர்போமெக்கா நிறுவனத்தோடு சேர்ந்து சக்தி என்ஜினை உருவாக்கினார்கள். மார்க்-3 வந்த பிறகு ஏற்றும் எடையில் வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தோம்.

பையன் பிழைத்தான். இன்றும் பொங்கலுக்கு போன் பண்ணுவான்.

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து

2023 டிசம்பர் வெள்ளத்தை எங்கள் ஊரில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. சுமார் 800 பேர் மாட்டிக்கொண்டார்கள். நாங்கள் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி, மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். நான், மாமியார், இரண்டு பிள்ளைகள்.

ஹெலிகாப்டர் வந்ததும் பிள்ளைகள் துண்டை எடுத்து வீசினார்கள். அது கீழே இறங்க இறங்க அடித்த காற்றில் கொடியில் கிடந்த துணியும் காலிக் குடமும் பறந்து தண்ணீரில் விழுந்தன. மாமியார் பிள்ளைகளைக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். ரொட்டி, தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பொட்டலம் விழுந்தது. அன்று வந்தவற்றில் பெரியது எம்ஐ-17 என்றும், சின்னது துருவ் என்றும் தம்பி பிறகுதான் சொன்னான். சூலூரிலிருந்து வந்தவை என்றும் சொன்னான். ரயிலில் இருந்த ஒரு கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் ஹெலிகாப்டரில் கூட்டிப்போனதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது. காங்கேயம்பாளையம் தம்பி, உங்கள் ஊரிலிருந்து வந்த சோறு அது. நன்றி.

காசிமேடு

எங்களுக்குத் தெரிந்தது சக்கரம் வைத்த துருவ். 2022 ஜூனில் சென்னையில் கடலோரக் காவல்படையின் 840-ஆவது ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவு தொடங்கியதிலிருந்து அடிக்கடி கண்ணில் படுகிறது. மூக்கின் அடியில் ஒரு குமிழ் இருக்கும், அது ரேடார். ராத்திரியில் பெரிய விளக்கைப் போட்டால் அலையின் நுரை வரை தெரியும். கனமான இயந்திரத் துப்பாக்கியை மாட்டினால் ரோந்துக்குப் போகும். அதைக் கழற்றிவிட்டு தீவிர சிகிச்சைக் கருவிகளை வைத்தால் பறக்கும் ஐசியு. மொத்தம் 16 வாங்கி, புவனேஸ்வர், போர்பந்தர், கொச்சி, சென்னை என்று நாலு நாலாகப் பிரித்தார்கள்.

ஆழ்கடலில் இருக்கும்போது தலைக்கு மேலே அது ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனாலே போதும். நாம் இங்கே இருப்பது கரையில் ஒருவருக்குத் தெரியும் என்ற தைரியம் வந்துவிடும்.

ஓசூர்

ருத்ராவை யாரும் எழுதவில்லை. 2023 ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்கு பெங்களூர் எலகங்கா போயிருந்தேன். நிறுத்தி வைத்திருந்த ருத்ராவின் மூக்கில் 20 மி.மீ. பீரங்கி, இரண்டு பக்கமும் குட்டை இறக்கை, அதில் 70 மி.மீ. ராக்கெட் குழல்கள். வானத்தில் வரும் எதிரியை அடிக்க மிஸ்ட்ரால் ஏவுகணையும் மாட்டலாம். பைலட் ஹெல்மெட்டோடு தலையைத் திருப்பிய பக்கம் பீரங்கியும் திரும்பும் என்று பக்கத்தில் நின்ற வீரர் விளக்கினார். கூடவே, உட்கார்ந்து பயணம் செய்யவும் உள்ளே இடம் இருக்கிறது. முழுக்கச் சண்டைக்கென்றே செய்த பிரசண்ட் ஹெலிகாப்டரில் அது கிடையாது. அதில் இரண்டு பைலட்கள் ஒருவர் பின்னால் ஒருவராக உட்காருவார்கள், உடம்பும் ஒல்லி. ஆனால் என்ஜின் இரண்டுக்கும் அதே சக்திதான்.

சூலூரிலிருந்து மீண்டும்

அக்கா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். 2025 ஜனவரி 5-ஆம் தேதி போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். காசிமேட்டு அண்ணன் சொன்ன அதே மார்க்-3 வகை. உடனே நாட்டில் உள்ள எல்லா துருவையும் பறக்காமல் நிறுத்தினார்கள். பிப்ரவரி ஏரோ இந்தியாவில் சாரங் இல்லை. எங்கள் ஊர் வானம் அத்தனை அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. தரைப்படையும் விமானப்படையும் மறுபடி பறக்கச் சில மாதங்கள் ஆயின. காரணத்தை அடிவரை கண்டுபிடித்துச் சரிசெய்யாமல் ஒருவரைக்கூட ஏற்றக் கூடாது என்பதுதான் என் எண்ணம். எனக்கு இந்த ஹெலிகாப்டர் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும் அதில் மாற்றமில்லை.

வேலூர் அண்ணா, ஒரு சந்தேகம். ஸ்ட்ரெச்சர் ஏற்றும்போது என்ஜினை அணைப்பார்களா?

வேலூர் மாவட்டம், முன்னாள் ராணுவம்

அணைக்க மாட்டார்கள் தம்பி. அந்தக் குளிரில் அணைத்தால் திரும்பப் பிடிக்குமா என்பது நிச்சயமில்லை. இறக்கை சுற்றிக்கொண்டே இருக்கும், பனி முகத்தில் ஊசி மாதிரி குத்தும். குனிந்தபடி ஓடி, ஏற்றி, குனிந்தபடியே திரும்பி வந்து படுத்துவிடுவோம். கதவைச் சாத்தியதும் தூக்கிவிடுவார்கள்.