போர்முனையிலிருந்து வீட்டுக்கு வந்த கடிதங்கள்: உங்கள் அனுபவம்?

செம்மண்காரி:
1987 அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் சண்டை தொடங்கிய பிறகு வந்த கடிதம். இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போன சித்தப்பா எழுதியது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, சத்தமாக வாசிப்பது என் வேலை. ‘நலம், நலமறிய ஆவல்’, மணியார்டர் வந்ததா, ஆடு குட்டி போட்டதா, எப்போதும் அவ்வளவுதான் இருக்கும்.

இதில் மட்டும் நடுவில் ஒரு பத்தி. ஏதோ ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாராம். ஒரு கிழவி செம்பில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “நீயும் எங்களைச் சுடவோ வந்தனீ, ராசா?” என்று கேட்டதாம்.

நான் செம்பு வரைக்கும் வாசித்து நின்றுவிட்டேன். அப்பத்தா சொளகைக் கீழே வைத்துவிட்டு, “என்ன சொன்னாளாம் அவ?” என்றது.

“நல்லா இரு ராசான்னு சொன்னாங்களாம்.”

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பொழுதடைந்தால் ‘அந்த இடத்தைப் படி’ என்று கடிதத்தை நீட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டும். பொய்யை ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே, மனப்பாடமே ஆகிவிட்டது. 1990 மார்ச்சில் படை திரும்பியது. விடுப்பில் வந்த சித்தப்பா சோற்றில் கை வைக்கும்போதே அப்பத்தா கேட்டுவிட்டது: “ஒனக்குத் தண்ணி குடுத்து நல்லா இருன்னு சொன்னாளே, அவ எப்படி இருக்கா?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். அப்புறம், “இருக்கு ஆத்தா” என்றார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
சகோதரி, மன்னிக்கவும். அப்படியொரு வரி தபாலில் வந்திருக்க வழியில்லை. எந்த ஊர், எத்தனை பேர், என்ன நடந்தது, எதையும் எழுத விடமாட்டார்கள். முகவரியிலேயே ஊர் இருக்காது. நம்பர், ரேங்க், பெயர், யூனிட், கீழே 56 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலைய எண், முடிந்தது. எங்கள் யூனிட்டில் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்கச் சொன்னார்கள். சின்ன வயது நினைவில் பிற்பாடு கேட்டதும் கலந்திருக்கும்.

என் கதை சின்னது. 1999 ஜூன், கார்கில் போர், டிராஸ் மலைப்பகுதி. மேலே ஏறுவதற்கு முன் மூன்று கடிதம் எழுதினேன். ஒவ்வொரு வாரம் தள்ளித் தேதி போட்டு, வாரம் ஒன்றாகப் போடச் சொல்லி கீழே இருந்த சமையல்காரரிடம் கொடுத்தேன். அந்த மகராசன் மூன்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டார். ஜூலைக் கடிதம் ஜூனிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. நான் எது சொன்னாலும் என் மனைவி இன்றைக்கும் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிறாள்.

வைகைக்கரை:
ஐயா, தணிக்கை இருந்தால் உண்மை வராது என்று யார் சொன்னது? முதல் உலகப் போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைப் பிரித்துப் படிக்கவே ஆள் போட்டிருந்தார்கள். சிப்பாய்களில் பலருக்கு எழுதத் தெரியாது, இன்னொருவர் கையால் எழுதிக் கொடுத்ததுதான். அப்படியும் கருமிளகு என்றால் இந்தியர், செம்மிளகு என்றால் வெள்ளைக்காரர் என்று வைத்துக்கொண்டு, கருமிளகு தீர்ந்துபோகிறது என்று ஊருக்கு எழுதினார்கள். தணிக்கைக்காரர்களுக்கும் அது புரியாமல் இல்லை. அவர்கள் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள் லண்டனில் இன்றும் இருக்கின்றன. (என் வீட்டில் யாரும் பட்டாளத்துக்குப் போகவில்லை. படித்ததைத்தான் சொல்கிறேன்.)

காகிதப்பூச்சி:
செம்மண்காரி, அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டாதீர்கள். 1971 டிசம்பரில் அப்பா அம்மாவுக்கு எழுதிய இன்லண்ட் லெட்டரில் நான் ஒட்டினேன். டேப் உதிர்ந்துவிட்டது, பழுப்புக் கறை நின்றுவிட்டது. ‘குழந்தையிடம்’ என்ற சொல்லுக்கு அப்புறம் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குழந்தை நான்தான்.

சரி, செய்ய வேண்டியது: மடிப்பில்தான் முதலில் கிழியும், அதனால் மடித்தே வைக்காதீர்கள். விரித்து, இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். லேமினேஷன் கூடவே கூடாது, ஒருமுறை செய்தால் பிரிக்க முடியாது. சாதாரண பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் கோக்கும். பரண் ஆகாது, வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்டுவதும் ஆகாது. முதல் வேலையாக, ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிளாஷ் போடாமல் இரண்டு பக்கமும் படம் எடுங்கள், அஞ்சல் முத்திரையோடு. ஓரத்தில் குறுக்காக எழுதியிருப்பார்கள், அதை விட்டுவிடாதீர்கள்.

செம்மண்காரி:
ஹவில்தார் ஐயா, அது தபாலில் வரவில்லை. விடுப்பில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியது. அவர் பஸ் ஸ்டாப் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனார். முத்திரையும் கிடையாது, தபால்தலையும் கிடையாது.

காகிதப்பூச்சி, கடிதம் இல்லை. அப்பத்தா போனபோது அதன் கையில் வைத்து அனுப்பிவிட்டோம். வைத்தது சித்தப்பா. வைக்கும் முன் பிரித்து ஒருதரம் சத்தமாக வாசித்தார். ‘நல்லா இரு ராசா’ என்றுதான் வாசித்தார்.

ஓய்வுபெற்ற ஹவில்தார்:
கையில் கொடுத்தனுப்பியதா? அப்படியென்றால் சரி.