பாதியாவது வச்சுட்டு வந்தியா?

தாமிரபரணிக்கரை:

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முடிவுகள் எல்லாம் இதில் வரும். விளையாடி முடிக்காதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

கேம்களில் நல்லது கெட்டதை நாமே முடிவுசெய்கிற இடங்களைப் பற்றி உங்கள் அனுபவங்களைக் கேட்கத்தான் இதை ஆரம்பிக்கிறேன். எந்தக் கேமில் எத்தனை முடிவு, எது நல்ல முடிவு என்ற பட்டியல் வேண்டாம். ஒரு பட்டனை அமுக்கிவிட்டு அப்புறம் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறீர்களா? அதைச் சொல்லுங்கள்.

என்னுடையது ‘திஸ் வார் ஆஃப் மைன்’. போலந்தின் 11 பிட் ஸ்டுடியோஸ் 2014-இல் வெளியிட்டது. போர்தான் கதை, ஆனால் நாம் சிப்பாய் இல்லை. முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஊரில், இடிந்த வீட்டில் ஒண்டிக் கிடக்கிற சாதாரண ஆட்கள். 1992 முதல் 1996 வரை சரயேவோ நகரம் பட்ட பாட்டை மனதில் வைத்துச் செய்தது. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, வீட்டுக்குள் அடுப்பு செய்யலாம், சமைக்கலாம். ராத்திரி ஒருவரை மட்டும் அனுப்பி, கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு வரச் சொல்ல வேண்டும். என்னிடம் மூன்று பேர். நன்றாகச் சமைக்கிற புரூனோ, பேரம் பேசத் தெரிந்த காத்யா, வேகமாக ஓடுகிற பாவ்லே.

போன கோடையில் ஒரு ராத்திரி முன் அறையில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தேன். ஆச்சி பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். காத்யாவுக்கு உடம்பு சரியில்லை, மருந்து இல்லை, மூன்று பேருக்கும் பசி. பாவ்லேவை அனுப்பினேன். போன இடத்தில் இருந்தது ஒரு வயதான தம்பதி. அந்தப் பெரியவர் கம்பு கத்தி எதுவும் எடுக்கவில்லை. அறை அறையாகப் பின்னாலேயே வந்து கெஞ்சுகிறார். நான் ஃபிரிட்ஜைத் திறந்தேன், அலமாரியைத் திறந்தேன், பை கொள்ளுமட்டும் அள்ளினேன்.

பாக்குவெட்டிச் சத்தம் நின்றது.

“ஏலே, அந்தக் கெழவன் பின்னாலயே வாரானே, என்ன கேக்கான்?”

“எடுக்காதங்காரு ஆச்சி. அவங்களுக்கு அதான் இருக்காம்.”

“எடுத்துட்டியா?”

“ம்.”

“பாதியாவது வச்சுட்டு வந்தியா?”

எனக்குப் பதில் வரவில்லை. வைத்துவிட்டு வரலாம் என்பதே தோன்றவில்லை. அந்தக் கேம் தடுக்கவும் இல்லை. ஒவ்வொரு பொருளாகத்தான் பைக்குள் எடுத்துப் போட வேண்டும், எந்த இடத்திலும் நிறுத்தியிருக்கலாம். ‘எல்லாவற்றையும் எடு’, ‘பாதி எடு’ என்று திரையில் எழுதிக் கேட்டிருந்தால் கண்டிப்பாக யோசித்திருப்பேன். கேட்கவில்லை, அதனால் யோசிக்கவில்லை.

ஆச்சி அதைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது திருநெல்வேலி மீனாட்சிபுரத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஆற்றுத் தண்ணீர் தெருவுக்குள் வந்ததும் கீழ்வீட்டுக்காரர்கள் எங்களோடு வந்துவிட்டார்கள். மொத்தம் பதினோரு பேர், கரண்ட் கிடையாது. ரெண்டாம் நாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் நடந்து ஒருவர் வந்து அரிசி இருக்கிறதா என்று கீழே நின்று கேட்டார். யாரென்றே எங்களுக்குத் தெரியாது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். ஆச்சி எழுந்து போய் இருந்த அரிசியை உழக்கால் அளந்தாள். சத்தமாக எண்ணினாள். சரியாகப் பாதியை ஒரு பையில் கட்டி, கயிற்றில் இறக்கிவிட்டாள். எங்களுக்கு அன்று மத்தியானமும் ராத்திரியும் கஞ்சிதான்.

அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அப்படியிருந்தும் அந்தக் கிழவர் வீட்டில் எனக்கு அது ஞாபகம் வரவில்லையே என்பதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

கடனாநதி:

நான் அம்பாசமுத்திரம் பக்கம். ஓர் அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்து மனு வாங்குகிற வேலை. அதனால்தானோ என்னவோ, தம்பி காட்டிய ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ என்னை அப்படிப் பிடித்துக்கொண்டது. லூகாஸ் போப் 2013-இல் வெளியிட்டது. 20 முடிவுகள் உண்டு. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டு எல்லையில் பாஸ்போர்ட் பார்க்கிற ஆள் நாம். எத்தனை பேரைச் சரியாகப் பார்க்கிறோமோ அதற்குத் தகுந்த சம்பளம். வாடகை, சாப்பாடு, குளிருக்குச் சூடு, வீட்டில் யாருக்காவது முடியவில்லை என்றால் மருந்து, எல்லாம் அதற்குள்தான்.

ஆரம்பத்திலேயே ஒருவர் வருவார். பேப்பர் எல்லாம் சரி. பின்னால் என் மனைவி வருகிறாள், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்து அந்த அம்மா. அனுமதிச் சீட்டு இல்லை. திரும்பிப் போனால் உயிர் தங்காது என்கிறார். உள்ளே விட்டால் நம் பேரில் தப்பு எழுதி ஒரு சீட்டு வந்து விழும். ஒரு நாளைக்கு முதல் இரண்டு சீட்டு எச்சரிக்கை மட்டும். மூன்றாவதிலிருந்து பணம் பிடித்துவிடுவார்கள்.

நான் முதலில் பார்த்தது அந்த அம்மாவின் முகத்தை இல்லை. இன்றைக்கு எத்தனை சீட்டு வந்திருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றுதான். சரி, இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது என்று முத்திரை குத்தி அனுப்பினேன். மனசுக்கு நிறைவாகக்கூட இருந்தது. ஆட்டத்தில் அப்புறம் ஒரு நாள், கவனக்குறைவால் இரண்டு சீட்டும் போயிருந்தது. இன்னொருவர் வந்து ஏதோ கெஞ்சினார். அவர் சொன்னதை முழுதாகப் படிக்காமலே சிவப்பு முத்திரை. அவர் என்ன சொன்னார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த வாரமே கவுண்டருக்கு மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு தாத்தா வந்தார். ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பேரில் ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். வழக்கமாக ‘சரிபண்ணிட்டு வாங்க’ என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிடுவேன். அன்றைக்கு எழுந்து போய், எங்கே என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கூட நின்று காட்டினேன். ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார். அடுத்த வாரம் அதே மாதிரி இன்னொருவர் வந்தார். கூட்டம் அதிகம். அவரைத் திருப்பித்தான் அனுப்பினேன்.

மாஞ்சோலை மேகம்:

கடனாநதி அக்கா எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தேன். என்னுடையது சின்னது. ‘அண்டர்டேல்’, டோபி ஃபாக்ஸ் 2015-இல் செய்தது. யாரையும் கொல்லாமலே முடிக்கலாம். எனக்கு அது அப்போது தெரியாது. ஆரம்பத்தில் நம்மைப் பிள்ளை மாதிரி கூட்டிவந்து வைத்துக்கொள்கிற டோரியலைச் சண்டையில் கொன்றுவிட்டேன். பதறிப்போய்ப் பழைய சேவ் (அதற்கு முன்னால் சேமித்து வைத்த ஆட்டம்) எடுத்து, இந்தத் தடவை விட்டுவிட்டேன். அப்பாடா என்று வெளியே வந்தால் ஃப்ளவி என்ற அந்தப் பூ நிற்கிறது. நீ செய்தது எனக்குத் தெரியும், அவளைக் கொன்றாய், மனசு கேட்காமல் திரும்பிப் போனாய் என்கிறது. ஹாஸ்டலில் ராத்திரி ஒரு மணி. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் கேமிலும் ஒரு முடிவு எடுத்துவிட்டால் பழைய சேவுக்குப் போவதில்லை.

சித்தாறு:

மேலே தம்பி சொன்னதை நானும் கடைப்பிடிக்கிறேன், ஆனால் ஒரே ஒரு தடவை முடியவில்லை. ‘தி விட்சர் 3’, 2015. அதில் நாம் ஆடுகிற ஆள் கெரால்ட். அவன் வளர்த்த பெண் சிரி கடைசியில் என்ன ஆகிறாள் என்பது ஐந்து இடங்களில் நாம் நடந்துகொள்வதை வைத்து. அதில் ஒன்று, அவள் மனசு உடைந்து உட்கார்ந்திருக்கிறபோது. அப்போது, எல்லாவற்றிலும் நீ கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லித் தேற்றிக் குடிக்க உட்காரலாம். இல்லையென்றால் வெளியே கூட்டிப்போய்ப் பனியுருண்டை எறிந்து விளையாடலாம். நான் தேற்றினேன். அப்பா என்றால் அதுதானே செய்வோம்? மற்ற இடங்களிலும் அவளுக்கு நல்லது என்று நானே எதையாவது முடிவுசெய்திருக்கிறேன். என் ஆட்டத்தில் சிரி திரும்பி வரவில்லை.

என் மகள் பத்தாம் வகுப்பு. அரையாண்டில் கணக்கில் மார்க் குறைந்து வந்தபோது நான் சொன்னதும் ஏறக்குறைய அதே வாக்கியம்தான். அவள் தலையாட்டிவிட்டு ரூமுக்குப் போய்விட்டாள். சிரி வராத அன்றைக்கு நான் முதலில் நினைத்தது அந்தக் கதவைத்தான். பழைய சேவ் எடுத்து, பனியில் விளையாடினேன். மறுநாள் சாயங்காலம், குற்றாலத்தில் சாரல் விழுகிறதாம், போவோமா என்று மகளிடம் கேட்டேன். மார்க்கைப் பற்றிப் பேச மாட்டேன் என்றால் வருகிறேன் என்றாள்.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நான் சொன்ன ‘திஸ் வார் ஆஃப் மைன்’ கேமை 2020-இல் போலந்தில் பள்ளிப் பிள்ளைகளின் வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தார்கள். உங்கள் பதில்களைப் படித்தபோது அது சரியென்றுதான் பட்டது.

ரெண்டு நாள் முன்பு முதலிலிருந்து ஆரம்பித்து, அந்தக் கிழவர் வீட்டுக்கு மறுபடி போனேன். எண்ணிப் பார்த்துப் பாதி மட்டும் எடுத்தேன். பாதி எடுத்தாலும் அந்தக் கேம் அதைத் திருட்டு என்றுதான் கணக்கு வைக்கிறது. பாவ்லே தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் வந்தான். பாதி வச்சுட்டு வந்தும் இப்படி இருக்கானே ஆச்சி என்று காட்டினேன்.

ஆச்சி திரையையும் என்னையும் பார்த்தாள்.

“பின்ன, கேட்டா எடுத்த?”