ஏஐ ஏஜென்டுக்கு டூல் விளக்கம் எழுதிய அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

குலசேகரத்திலிருந்து

எங்கள் பக்கத்தில் ரப்பர் பாலும் ஷீட்டும் எடுக்கும் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். அதிலுள்ள வேலைகளை, சொன்னதைத் தானே செய்து முடிக்கும் ஏஐ ஏஜென்டே கூப்பிட்டுச் செய்யும்படி எம்சிபி வழியாகத் திறந்துவிட்டோம். ஏஐயை வெளி மென்பொருளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட முறை அது. இப்படித் திறந்துவிடும் ஒவ்வொரு வேலையும் ஒரு டூல். டூலின் பெயர், அதன் விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்று சொல்லும் ஜேசன் ஸ்கீமா ஆகியவைதான் ஏஜென்டுக்கு மூளையாக இருக்கும் மாடலுக்குப் போகும். உள்ளே நாம் எழுதிய நிரல் (கோடு) அதன் கண்ணில் படாது. கடைக்குப் புதிதாக வந்த பையன் புரியாவிட்டால் முதலாளியிடம் கேட்பான். ஏஜென்ட் பல நேரம் கேட்காமல், தானாக ஒரு அர்த்தம் வைத்துக்கொண்டு போய்விடும்.

தொகை கணக்கிடும் டூல் ஒன்று. ‘எடையும் விலையும் கொடுத்தால் தொகை வரும்’ என்பதுதான் அதன் முழு விளக்கம். எந்த எடை? பால் கொண்டுவருகிறவருக்குப் பாலின் எடைக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. டிஆர்சி, அதாவது பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்று பார்த்து, அந்த ரப்பருக்குத்தான் கொடுப்பார்கள். 50 கிலோ பால், டிஆர்சி 35 என்றால் 17.5 கிலோவுக்குத்தான் பணம். டூல் எதிர்பார்த்தது இந்தக் காய்ந்த எடையை. சோதனையில் ஏஜென்ட் 50-ஐ அப்படியே போட்டு, கூசாமல் பில் அடித்தது.

விலையிலும் இதே கதை. ரப்பர் போர்டு விலை 100 கிலோவுக்கு வரும், கடைக்காரர் பேசுவது கிலோவுக்கு. விலை சொல்லும் டூல் திருப்பித் தந்ததோ, எத்தனை கிலோவுக்கு என்று சொல்லாத வெறும் எண்.

மாடல் சரியில்லை, வேறு மாற்றலாம் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. குலசேகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதை எழுதிவைக்கவே இல்லை. விளக்கத்தை இப்படி மாற்றினோம்: ‘காய்ந்த ரப்பரின் எடை, கிலோவில். பாலின் எடை மட்டும் தெரிந்தால் முதலில் டிஆர்சி டூலைக் கூப்பிடவும். விலை ஒரு கிலோவுக்கு, ரூபாயில். ஒட்டுப்பாலுக்கு இந்த டூல் வேண்டாம்.’ அதே மாடல், அதே கேள்வி, சரியான தொகை வந்தது. ஒட்டுப்பால் என்பது சிரட்டையிலும் மரத்திலும் ஒட்டிக் காய்ந்த ரப்பர். அதைப் பற்றிய கடைசி வரியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். எதற்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதுகிறவர்கள் குறைவு.

பிழைச் செய்தியும் விளக்கத்தில் சேர்ந்ததுதான். ‘தவறான உள்ளீடு’ என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதையே திரும்பத் திரும்ப அனுப்பும். ‘தேதி 2025-04-03 என்ற வடிவில் வேண்டும், வந்தது 3/4/25’ என்று சொன்னால் அடுத்த தடவையே திருத்திக்கொள்கிறது.

குளச்சலிலிருந்து

அண்ணா, நீங்கள் சொன்னது கணக்குப் பார்க்கும் டூல். எனக்கு நடந்தது கணக்கில் எழுதும் டூலில். மீன் ஏலக் கணக்கு, மழை நேரம், நெட் விட்டுவிட்டு வந்தது. வரவு பதிவாகிவிட்டது, பதில் மட்டும் ஏஜென்டுக்குப் போய்ச் சேரவில்லை. அது மறுபடி கூப்பிட்டது. ஒரே வள்ளத்துக்கு ஒரே வரவு இரண்டு முறை ஏறிவிட்டது. இரண்டாவது தடவை கூப்பிட்டால் இரண்டாவது பதிவு விழும் என்று விளக்கத்தில் எங்குமே இல்லை.

இப்போது ரசீது எண் இல்லாமல் டூல் வேலை செய்யாது. அதே எண் மறுபடி வந்தால் ‘ஏற்கெனவே பதிவானது’ என்று பழைய பதிவையே காட்டும். எம்சிபியில் ‘இது படிக்க மட்டும்’, ‘இது அழிக்கும்’, ‘திரும்பக் கூப்பிட்டாலும் பாதகமில்லை’ என்று குறித்துவைக்க இடமிருக்கிறது. குறியுங்கள், ஆனால் அதை நம்பித் தடுப்பை விட்டுவிடாதீர்கள். அவை வெறும் குறிப்புகள் மட்டுமே. தடுப்பு கோடுக்குள் இருக்க வேண்டும்.

இன்னொன்று பெயர். எங்கள் ஊரில் ஜெபினும் ஜெபிஷும் தெருவுக்கு நாலு பேர். தேடும் டூல் வெறுமனே காலி விடை கொடுத்ததும் ஏஜென்ட் புதுக் கணக்கே தொடங்கிவிட்டது. ‘விடை காலி என்றால் ஆள் இல்லை என்று பொருளல்ல. எழுத்துக்கூட்டல் மாறியிருக்கலாம், வள்ளத்தின் எண்ணை வைத்துத் தேடவும், புதுக் கணக்கு தொடங்கும் முன் கேட்கவும்’ என்று சேர்த்த பிறகு நின்றது.

நாகர்கோவிலிலிருந்து

இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு ஒவ்வொரு டூலுக்கும் பக்கம் பக்கமாக எழுதிவிடாதீர்கள். எல்லா விளக்கமும் சேர்ந்துதான் மாடல் ஒரு நேரத்தில் நினைவில் வைக்கும் இடத்தை அடைக்கிறது. எங்களிடம் ‘பில் எடு’, ‘பில் பார்’, ‘பில் விவரம்’ என்று ஒரே வேலைக்கு மூன்று டூல் இருந்தன. விளக்கத்தை நீட்டியும் ஏஜென்ட் மாற்றி மாற்றித்தான் எடுத்தது. மூன்றையும் ஒன்றாக்கியதும் தடுமாற்றம் போனது. எழுதியதைச் சரிபார்க்க, கோடு தெரியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் கொடுத்து உள்ளீடுகளை நிரப்பச் சொல்லுகிறேன். அவர் பேனாவை நிறுத்திக் கேட்கும் கேள்விக்கான பதில்தான் விளக்கத்தில் விடுபட்ட வரி.